வலம்புரியும் இடம்புரியும்: கிளிஞ்சல் கூறும் காலக் கணக்கு

(நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா என்றால் நம் சங்கத்து மேடையில் இலக்கியப் பேருரை ஒன்று, இன்னிசை ஒன்று, சிறுவர் நாடகம் ஒன்று என்று அமைவதே வழக்கம். இவ்வாண்டு விஞ்ஞானப் பொருள் ஒன்றும் இடம்பெற வேண்டும் என்று செயற்குழுவினர் விரும்பினர். அவ்விருப்பத்திற்கு இணங்கி, பூமியின் படிவுகளுக்கு வயது காணும் முறைகளுள் ஒன்றைப் பற்றிச் சில கூற முன்வந்துள்ளோம். அமினோ அமிலம் என்னும் நுண்ணிய இரசாயனப் பொருளைக் கொண்டு, ஒரு பாறைப் படிவு எத்தனை ஆண்டுகளுக்கு முன் உண்டாயிற்று என்று கணக்கிடும் முறையே அது.

கல்லுக்கும் மண்ணுக்கும் வயது காண்பதால் நமக்கு என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். தமிழர் கூடும் மேடைகளில் பழமையைப் பற்றிப் பேசாத நாள் இல்லை. பல்லாயிரம் ஆண்டு என்னும் சொல் நம் நாவில் எளிதாக வந்துவிடுகின்றது. அந்த ஆயிரங்களை எண்ணுவது எவ்வாறு, எண்ணியது சரிதானா என்று அறிவது எவ்வாறு என்பதைத் தெரிந்துகொள்ளும் கடமை, பழமையைப் பாராட்டும் நமக்கு மற்றவரைக் காட்டிலும் மிகுதியாக உண்டு. ஆகவே இப்பொருள் இம்மேடைக்குப் புறம்பானது அன்று.

பல கடிகாரங்கள்

பாறைகள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. தக்காணத்தில் விரிந்து கிடக்கும் கரும்பாறை, ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பாகப் பொங்கி உறைந்தது. அத்தகைய பாறையில் உயிர்ப்பொருள் எதுவும் இல்லை. அதிலுள்ள பொட்டாசியத்தின் ஒரு வகை, மிக மெல்லச் சிதைந்து ஆர்கான் என்னும் வாயுவாக மாறுகின்றது. அவ்வாயுவின் அளவைக் கொண்டு அதன் வயது காண்கின்றனர்.

கரியைக் கொண்டு வயது காணும் முறை வேறு. அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் வில்லார்டு லிப்பி என்பவர் 1940-களின் இறுதியில் அதனை உருவாக்கினார். அதற்காக 1960-ல் நோபல் பரிசு பெற்றார். உயிருள்ளவை காற்றிலிருந்தும் உணவிலிருந்தும் பெறும் கதிரியக்கக் கரி, அவை இறந்தபின் 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகின்றது. இவ்வாறு பாதியின் பாதியாகத் தேய்ந்துகொண்டே போனால், ஏறக்குறைய 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் அளப்பதற்கு ஒன்றும் எஞ்சாது.

எரிமலைப் பாறைக்கு ஒரு கடிகாரம் உண்டு. அண்மைக் காலத்துக் கரித்துண்டுக்கு ஒரு கடிகாரம் உண்டு. 50,000 ஆண்டுகளுக்கும் சில பத்து இலட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட நெடுங்காலத்தில் ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் படிந்து இறுகிய வண்டலுக்கும் மணற்கல்லுக்கும் என் செய்வது? மனித இனம் உருவாகி உலகெங்கும் பரவிய காலம் இதுவே ஆதலின், இவ்வினா சிறிதன்று. இதற்கு உதவும் முறைகள் சில உள. அவற்றுள் ஒன்றுதான் அமினோ அமில முறை. இங்கே ஒன்றைத் தெளிவாக மனத்திற்கொள்ள வேண்டும். இம்முறை கல்லை நேராக அளப்பதில்லை. கல்லுக்குள் அடங்கிய கிளிஞ்சலை, நத்தை ஓட்டை, முட்டையோட்டை அளக்கின்றது. கிளிஞ்சலின் வயதே அது கிடந்த படிவின் வயது என்று கொள்கின்றது.

இடக்கை, வலக்கை

உடம்பின் தசையும் தோலும் மயிரும் புரதங்களால் ஆனவை. அப்புரதங்கள் ஏறத்தாழ 20 வகை அமினோ அமிலங்கள் மணிமாலைபோல் கோக்கப்பட்டு அமைந்தவை. சிப்பியும் நத்தையும் தம் ஓட்டைக் கட்டும்பொழுது சுண்ணாம்பை மட்டும் வைத்துக் கட்டுவதில்லை. சிறிதளவு புரதத்தையும் இடையிடையே வைத்தே கட்டுகின்றன.

இனி, சங்கை நினைவிற் கொள்வோம். தூத்துக்குடிக் கடலில் எடுக்கும் சங்குகளில் மிகப் பெரும்பாலானவை இடம்புரியே. வலம்புரி கிடைப்பது அரிது. அதனாலேயே அதற்குப் பூசையறையில் இடமும் கடையில் பெருவிலையும் உண்டாயின. இரண்டும் ஒரே பொருளால் ஆனவை, ஒரே வடிவின. ஆயினும் ஒன்றை எப்படித் திருப்பினாலும் மற்றொன்றாகாது. கண்ணாடியில் தெரியும் நிழலுருவைப் போல் ஒன்றுக்கொன்று எதிராக அமைந்தவை அவை. இடக்காற் செருப்பு வலக்காலுக்குப் பொருந்தாதது போலத்தான் இதுவும்.

அமினோ அமிலங்களிலும் இத்தகைய இரட்டை உண்டு. நடுவே ஒரு கரி அணு. அதிலிருந்து நான்கு திசையில் நீளும் நான்கு கைகள். ஒவ்வொரு கையிலும் வெவ்வேறு பொருள். இந்நான்கையும் இருவகையாக அடுக்கலாம். ஒன்று இடவகை, மற்றொன்று வலவகை. கிளைசின் என்னும் ஒன்று மட்டும் இதற்கு விலக்கு. அதன் இரு கைகளில் ஒரே பொருள் இருப்பதால் இடம் வலம் என்னும் வேறுபாடு அதற்கு இல்லை.

பொருள்களுக்கு இவ்வாறு கைவேறுபாடு உண்டு என்பதை முதன்முதல் கண்டவர் லூயி பாஸ்டர். 1848-ல், இருபத்தைந்து வயது நிறைந்து சில மாதங்களே ஆகியிருந்த அவ்விளைஞர், திராட்சை மதுவோடு தொடர்புடைய ஓர் உப்பின் படிகங்களைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தார். அவற்றுள் சில இடப்புறம் சாய்ந்த முகமும் சில வலப்புறம் சாய்ந்த முகமும் உடையனவாக இருந்தன. பொறுமையோடு ஒவ்வொன்றாகப் பொறுக்கி இரு குவியலாக்கினார். தனித்தனியே நீரிற் கரைத்து ஒளியைச் செலுத்தியபோது, ஒரு கரைசல் ஒளியின் அதிர்வுத் தளத்தை வலமாகவும் மற்றொன்று இடமாகவும் திருப்பியது. விஞ்ஞானத்தின் பெரிய வாயில்களுள் ஒன்று, அரிசியில் கல் பொறுக்குவது போன்ற ஓர் எளிய வேலையால் திறந்தது என்பது எண்ணி மகிழத்தக்கது.

இரசாயனசாலையில் அமினோ அமிலத்தைச் சாதாரண முறையிற் செய்தால் இடவகையும் வலவகையும் சரிபாதியாகவே உண்டாகும். ஆனால் உயிர்களோ தம் புரதங்களை இடவகை கொண்டே கட்டுகின்றன. புல்லும் புழுவும் யானையும் மனிதனும் இவ்விதியில் ஒன்றே.

செத்தபின் ஓடத் தொடங்கும் கடிகாரம்

உயிர் இருக்கும்வரை இந்த ஒழுங்கு காக்கப்படுகின்றது. உயிர் நீங்கியதும் காவல் நீங்குகின்றது. கரி அணுவின் ஒரு கையிலுள்ள ஹைட்ரஜன் எப்போதாவது ஒருமுறை கழன்றுபோகும். அப்பொழுது எஞ்சிய மூன்று கைகளும் ஒரு தட்டுப்போல் விரிந்துகொள்ளும். திரும்பி வரும் ஹைட்ரஜன் தட்டின் மேற்புறமாகவும் வந்து ஒட்டலாம், கீழ்ப்புறமாகவும் ஒட்டலாம். ஒருபுறம் ஒட்டினால் பழைய இடவகை. மறுபுறம் ஒட்டினால் புதிய வலவகை. தொடக்கத்தில் யாவும் இடவகையாக இருந்த கூட்டத்தில் இவ்வாறு வலவகை மெல்ல மெல்லப் பெருகும். பெருகிய வலவகையும் அவ்வாறே மீண்டும் இடமாக மாறத் தொடங்கும். இறுதியில் இரண்டும் சமமாகி நிற்கும். அதற்குப் பின் மாற்றம் நிகழ்ந்துகொண்டே இருந்தாலும் விகிதம் மாறாது. கடிகாரம் நின்றுபோனதற்கு ஒப்பாகும்.

ஆகவே வலவகையை இடவகையால் வகுத்தால் வரும் எண்ணே காலத்தின் முள். புதிய சிப்பியில் அது ஏறத்தாழ சுழி. மிகப் பழைய சிப்பியில் அது ஒன்று. இடையிலுள்ளவற்றில் சுழிக்கும் ஒன்றுக்கும் இடையே நிற்கும். எல்லா அமினோ அமிலங்களும் ஒரே வேகத்தில் மாறுவதில்லை. அஸ்பார்டிக் அமிலம் விரைவாக மாறும். வாலின் மெதுவாக மாறும். மணி முள்ளும் நிமிட முள்ளும் போல் இவை ஒன்றுக்கொன்று துணையாகின்றன.

வாஷிங்டன் நகரத்துக் கார்னகி நிறுவனத்தைச் சேர்ந்த பிலிப் ஏபெல்சன் என்பவர் 1950-களின் நடுவில், புதைந்துபோன சிப்பிகளிலும் எலும்புகளிலும் அமினோ அமிலங்கள் அழியாமல் எஞ்சியிருப்பதை எடுத்துக்காட்டினார். அந்நிறுவனத்தின் எட்கர் ஹேர் என்பவரும் அவரும் 1968-ல், புதைபடிவச் சிப்பிகளில் இடவகை வலவகையாக மாறியிருக்கும் அளவு, வயதோடு சேர்ந்து கூடுவதை வெளியிட்டனர். இம்முறையின் பிறப்பு அதுவே.

செய்முறையும் அறியத்தக்கது. சிப்பித் துண்டைத் தூய்மை செய்து பொடியாக்குவர். அப்பொடியை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டு ஏறத்தாழ 110 டிகிரி வெப்பத்தில் பல மணி நேரம் வைத்தால் புரத மாலை அறுந்து மணிகள் தனித்தனியாகும். பின்னர் அவற்றை ஒரு நுண்குழலின் வழியே செலுத்தினால் ஒவ்வொரு வகையும் வெவ்வேறு நேரத்தில் வெளிவரும். இடம் எவ்வளவு, வலம் எவ்வளவு என்று கருவி வரைந்து காட்டும். இதற்கு வேண்டும் பொருள் சில மில்லிகிராமே.

வெப்பம் என்னும் பகை

இவ்வளவு எளிதாயின் எல்லாவற்றுக்கும் இம்முறையையே கொள்ளலாமே என்று தோன்றும். இங்கேதான் இடர் இருக்கின்றது. கதிரியக்கக் கரி பனியிலும் வெயிலிலும் ஒரே வேகத்தில் தேயும். அமினோ அமிலமோ அப்படியன்று. இது சாதாரண இரசாயன மாற்றம். வெப்பம் ஏற ஏற விரையும். ஏறக்குறைய நான்கு அல்லது ஐந்து டிகிரி கூடினாலே வேகம் இருமடங்காகிவிடும்.

நம் முன்னோர் நாழிகை வட்டிலைக் கொண்டு பொழுது அளந்தனர். அவ்வட்டிலின் துளை வெயில் நாளில் பெரிதாகியும் குளிர் நாளில் சுருங்கியும் போகுமானால் நாழிகைக் கணக்கு என்னவாகும்? அமினோ அமிலக் கடிகாரத்தின் நிலை அதுவே. வெப்ப நாடுகளில் சில இலட்சம் ஆண்டுகளுக்குள்ளேயே ஓடி முடிந்துவிடுகின்றது. மிதமான நாடுகளில் ஏறத்தாழ 20 இலட்சம் ஆண்டு ஓடுகின்றது. துருவத்தை அடுத்த குளிர்நிலங்களில் அதனினும் பன்மடங்கு நீளும். ஒரு சிப்பி அடுப்பில் வெந்திருந்தாலோ, நெடுநாள் மேற்பரப்பில் வெயிலிற் காய்ந்திருந்தாலோ உள்ளதைக் காட்டிலும் மிகப் பழையதாகக் காணும்.

எனவே அறிஞர் இருவழியில் இதனைப் பயன்படுத்துகின்றனர். ஒரே வட்டாரத்தில், ஒரே இனச் சிப்பிகளை எடுத்து, எது மூத்தது எது இளையது என்று வரிசைப்படுத்துவது ஒரு வழி. அங்கே வெப்பம் எல்லாவற்றுக்கும் பொதுவாதலின் பிழை குறையும். வேறொரு கடிகாரத்தால் வயது உறுதியான ஒரு பொருளை அளவுகோலாக வைத்துக்கொண்டு, அதன் வேகத்தைக் கணக்கிட்டு, பிறவற்றுக்கு ஆண்டு கூறுவது மற்றொரு வழி. இரண்டாம் வழியில் அளவுகோல் பிழையாயின் அனைத்தும் பிழையாகும்.

கலிபோர்னியா தரும் பாடம்

அளவுகோல் பிழையானால் என்ன நேரும் என்பதற்கு ஒரு வரலாறே சான்று. அமெரிக்கக் கண்டத்தில் மனிதர் குடியேறியது ஏறத்தாழ 12,000 அல்லது 13,000 ஆண்டுகளுக்கு முன் என்பது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெரும்பாலோர் கொண்ட கொள்கை. 1974-ல் கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜெப்ரி பாடா என்பவரும் அவருடைய துணைவர்களும், அங்குக் கிடைத்த பழைய மனித எலும்புகளை அஸ்பார்டிக் அமில முறையால் அளந்து வெளியிட்டனர். டெல் மார் என்னும் இடத்து எலும்புக்கு 48,000 ஆண்டு என்று விடை வந்தது. அடுத்து, சன்னிவேல் என்னும் இடத்து எலும்புக்கு 70,000 ஆண்டு என்று கூறப்பட்டது. அமெரிக்காவின் பழைய வரலாற்றையே திருப்பி எழுதவேண்டும் என்னும் அளவுக்கு இச்செய்தி பரவியது.

அவர்கள் அளவுகோலாகக் கொண்டது லகுனா என்னும் இடத்து எலும்பு. கரி முறையால் அதற்கு முன்னரே 17,150 ஆண்டு என்று கண்டிருந்தனர். அக்காலத்துக் கரி முறைக்கு நிறைய எலும்பு வேண்டும்; அயற்பொருட் கலப்பை முற்றும் நீக்குவதும் கடினம். 1980-களில் மிகச் சிறிய அளவைக்கொண்டே அணுக்களை நேரே எண்ணும் புதிய கருவி வந்தது. லகுனா எலும்பை மீண்டும் அளந்தபோது அதன் வயது ஏறத்தாழ 5,100 ஆண்டுதான் என்று தெரிந்தது. அளவுகோலே மும்மடங்குக்கு மேல் நீண்டிருந்தது! அளவுகோல் அவ்வாறாயின் அளக்கப்பட்டவை எவ்வாறு நிற்கும்? அன்றியும், எலும்பு நுண்துளை மிக்கது. நீர் உட்புகுந்து சிலவற்றைக் கரைத்துச் செல்லும். புதியவற்றைக் கொண்டுவந்து சேர்க்கும். 1985-ல் வெளியான மறு ஆய்வு, அவ்வாறு மிகப் பழமை கூறப்பட்ட எலும்புகளில் எதுவும் 11,000 ஆண்டுக்கு மேற்பட்டதன்று என்று முடிவு கூறியது.

இங்கே நாம் போற்றவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்த மறு அளவையை எதிரிகள் மட்டும் செய்யவில்லை. முன்னர் 48,000 என்று கூறிய பாடாவே, 1984-ல் ஆக்ஸ்போர்டு அறிஞர்களோடு சேர்ந்து அவ்வெலும்புகளைப் புதிய கருவியால் அளந்து, வயது குறைவு என்று தாமே அறிவித்தார். தம் புகழுக்கு அடிப்படையான எண்ணைத் தம் கையாலேயே அழித்து எழுதுவது எளிய செயலன்று.

பிற்காலத்தில், நியூ மெக்சிகோவின் வெள்ளை மணல் நிலத்தில் 21,000 முதல் 23,000 ஆண்டு பழமையுடைய மனிதக் காலடித் தடங்கள் இருப்பதாக 2021-ல் அறிவித்தனர். நீர்ச்செடியின் விதைகளைக் கொண்டு கண்ட வயதில் ஐயம் எழவே, மகரந்தத்தையும் மணலின் ஒளிர்வையும் கொண்டு மீண்டும் அளந்து 2023-ல் உறுதி செய்தனர். பழமை உண்மையாக இருந்தால் அது வேறு சான்றுகளாலும் நிலைபெறும். அதற்காகத் தவறான சான்றைக் கட்டிக்கொண்டு அழ வேண்டுவதில்லை.

நத்தையின் கதவு

கலிபோர்னியாவில் பட்ட அடியால் இம்முறையே பயனற்றது என்று பலர் கைவிட்டனர். வேறு சிலரோ, குறை முறையிலா பொருளிலா என்று ஆராய்ந்தனர். துளை மிக்க எலும்பை விட்டு, இறுகிய படிகத்தை நாடினர். இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்துக் கர்ஸ்டி பெங்க்மன் அம்மையாரும் அவர் குழுவினரும் கண்ட வழி இத்துறையைப் புதுப்பித்தது. ஓட்டின் பொடியைத் துணி வெளுக்கும் திரவத்தைப் போன்ற கடுமையான வெளுப்புக் கரைசலில் நெடுநேரம் ஊறவைத்தனர். வெளியிலிருந்து கலந்தவையும் எளிதில் ஒழுகக்கூடியவையும் அழிந்தன. படிகத்துக்குள் பூட்டி வைக்கப்பட்டவை மட்டுமே எஞ்சின. பூட்டிய பெட்டிக்குள் இருந்ததையே சான்றாகக் கொள்வது போன்றது இது.

நன்னீரில் வாழும் ஒரு சிறு நத்தை, தன் வாயை மூடிக்கொள்ளச் சுண்ணாம்பாலான சிறு கதவு ஒன்றை உடையது. நத்தையின் ஓட்டைக் காட்டிலும் அக்கதவின் படிகம் உறுதியானது. பிரிட்டனின் பல இடத்துப் படிவுகளிலிருந்து அக்கதவுகளைத் திரட்டி அளந்து, பனியூழிகளுக்கு இடைப்பட்ட காலங்களின் வரிசையை 2011-ல் அக்குழுவினர் வெளியிட்டனர்.

அதற்கு முன்னரே, 2005-ல், இங்கிலாந்தின் கீழ்க்கரையில் பேக்பீல்டு என்னும் ஊரில் கிடைத்த கல்லாயுதங்களுக்கு ஏறத்தாழ 7 இலட்சம் ஆண்டு என்று வயது கூறியபோதும் இந்நத்தைக் கதவுகள் சான்று பகர்ந்தன. வட ஐரோப்பாவில் மனிதர் கால்வைத்தது ஏறத்தாழ 5 இலட்சம் ஆண்டுக்கு முன் என்று அதுவரை கருதி வந்தனர். இம்முறை நத்தையை மட்டும் நம்பவில்லை. படிவின் காந்தத் திசையும், சிறு எலியினங்களின் பல்லமைப்பும் அதே விடையைக் கூறின. மூவர் தனித்தனியே கூறிய சாட்சி ஒன்றாக இருந்ததால் தீர்ப்பு நிலைத்தது.

பகையே துணையானது

வெப்பம் இம்முறைக்குப் பகை என்றோம். அப்பகையையே துணையாக்கிக்கொண்ட விந்தை ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்தது. அங்கே ஜெனியோர்னிஸ் என்னும் பெரும்பறவை ஒன்று முன்னாளில் வாழ்ந்தது. பறக்க இயலாதது, ஈமுவைக் காட்டிலும் பன்மடங்கு கனத்தது. கிப்போர்டு மில்லர் என்பவரும் துணைவர்களும் 700-க்கு மேற்பட்ட முட்டையோடுகளை அமினோ அமில முறையாலும் பிற முறைகளாலும் அளந்து, ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு முன் அப்பறவை மறைந்தது என்று 1999-ல் வெளியிட்டனர். ஈமுவோ இன்றும் வாழ்கின்றது.

அப்பறவை அழிந்தது தட்பவெப்ப மாற்றத்தாலா, புதிதாக வந்த மனிதராலா? 2016-ல் அவர்களே ஒரு சான்று காட்டினர். சில முட்டையோட்டுத் துண்டுகள் தீய்ந்திருந்தன. காட்டுத் தீயில் வெந்திருந்தால் துண்டு முழுதும் ஒரே அளவாக வெந்திருக்கும். இவற்றிலோ ஒரு முனையில் அமினோ அமிலம் முற்றும் அழிந்திருந்தது. சிறிது தள்ளி மறுமுனையில் சிதையாமல் இருந்தது. தணலருகே வைத்துச் சுட்ட முட்டையில்தான் இவ்வாறு நேரும் என்றும், ஆகவே மனிதர் அம்முட்டைகளைச் சுட்டு உண்டனர் என்றும் அவர்கள் கருதினர். அவ்வோடுகள் அப்பறவையுடையனவே அல்ல என்று சிலர் மறுத்தனர். 2022-ல் ஓட்டில் எஞ்சிய புரதத்தை ஆராய்ந்தவர்கள், அவை ஜெனியோர்னிஸ் முட்டைகளே என்னும் முடிவுக்கு வலுவூட்டினர். காலக் கணக்கைக் கெடுக்கும் என்று அஞ்சிய தீயின் தழும்பே, அடுப்பங்கரைச் செய்தியைச் சொன்னது.

நம் நாட்டிலும் ஒருகாலத்தில் தீக்கோழி வாழ்ந்தது என்பதை இங்கே நினைவூட்டலாம். மகாராட்டிரத்தின் பட்ணே என்னும் ஊரில், கோடு கீறி அழகுசெய்த தீக்கோழி முட்டையோடு கிடைத்துள்ளது. அதன் காலம் ஏறத்தாழ 25,000 ஆண்டு என்பது கரி முறையால் அறியப்பட்டது. உணவாகிய முட்டையின் ஓட்டிலும் ஓவியம் கீறி மகிழ்ந்தவர்கள் அம்மக்கள்.

உயிரோடு இருக்கும்போதே ஓடும் கடிகாரம்

செத்தபின் ஓடும் கடிகாரம் என்றோம். ஒரு சிறு திருத்தம் கூறவேண்டும். உடம்பில் சில உறுப்புகள் ஒருமுறை உண்டானபின் புதுப்பிக்கப்படுவதில்லை. பல்லின் உட்பகுதியும் கண்ணின் ஆடியின் நடுப்பகுதியும் அத்தகையன. நாம் உயிரோடு நடமாடும்பொழுதே அங்கே இடம் வலமாக மாறிக்கொண்டிருக்கின்றது. உடலின் வெப்பம் நிலையானது ஆதலின் அங்கே கணக்கும் பிழைபடுவது குறைவு. 1970-களில் இதனைக் கண்டபின், அடையாளம் தெரியாது இறந்தவரின் வயதைப் பல்லைக்கொண்டு அறியும் முறை தோன்றியது. பெயரற்றுக் கிடப்பவர் ஒருவரை அவர்தம் உற்றாரிடம் சேர்ப்பதற்கு அது உதவுகின்றது.

வடதுருவக் கடலில் வாழும் வில்தலைத் திமிங்கிலங்களின் கண்ணாடியைப் பாடாவும் அலாஸ்கா ஆய்வாளர்களும் இவ்வாறே அளந்து 1999-ல் வெளியிட்டனர். ஒன்றின் வயது ஏறத்தாழ 211 ஆண்டு என்று வந்தது. நூறாண்டுக்கு மேற்பட்டவை வேறு சிலவும் இருந்தன. இது நம்பத்தக்கதா? அவ்வூர் வேட்டுவ மக்கள் பிடித்த திமிங்கிலங்களின் உடலுக்குள், வழக்கொழிந்துபோன பழைய கல் ஈட்டிமுனைகளும் தந்த ஈட்டிமுனைகளும் புதைந்திருந்தன. பாட்டன் எறிந்த ஈட்டியைப் பேரன் எடுத்தான். இரசாயனம் சொன்னதை ஈட்டிமுனையும் சொன்னது. கலிபோர்னிய எலும்பில் வழுக்கியவரே திமிங்கிலக் கண்ணில் வென்றார் என்பதும் கருதத்தக்கது.

நாம் கேட்கவேண்டிய கேள்வி

இறுதியாக நம் தாயகத்தை நோக்குவோம். சென்னைக்கு வடமேற்கே அத்திரம்பாக்கம் என்னும் சிற்றூரில், 1863-ல் இராபர்ட் புரூஸ் பூட்டு என்பவர் பழைய கற்கருவிகளைக் கண்டார். அங்கே கிளிஞ்சல் கொண்டு கணக்கிட வழியில்லை. எனவே அமினோ அமிலத்தை அங்கே அழைக்க இயலாது. சாந்தி பப்பு அம்மையாரும் துணைவர்களும், படிவின் காந்தத் திசையையும், விண்கதிரால் கல்லில் உண்டாகும் அலுமினியம், பெரிலியம் என்பவற்றின் அளவையும் கொண்டு ஆராய்ந்து, அக்கருவிகள் 10 இலட்சம் ஆண்டுக்கு மேற்பட்டவை, ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டு பழமையாகவும் இருக்கலாம் என்று 2011-ல் வெளியிட்டனர். கீழடியில் கிடைத்த கரியின் காலம் கி.மு. 580 என்று தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019-ல் அறிவித்தது. முன்னது மனித இனத்தின் பழமை. பின்னது நகர வாழ்வின் பழமை. ஒன்றை மற்றொன்றோடு குழப்புதல் ஆகாது. அத்திரம்பாக்கத்துக் கருவியைச் செய்தவர் இன்றைய மனித இனம் தோன்றுவதற்கு மிக முந்தியவர். அவர் தமிழர் என்றோ பிறர் என்றோ கூறுவதற்குப் பொருளில்லை.

பழமையைப் பற்றி ஒருவர் நம்மிடம் பெரிய எண் ஒன்றைக் கூறினால், மகிழ்ந்து கைதட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேட்போமாக. எந்தக் கடிகாரத்தால் அளந்தார்கள்? அக்கடிகாரத்தை எதைக்கொண்டு சரிபார்த்தார்கள்? வேறொரு கடிகாரமும் அதே விடையைக் கூறுகின்றதா? இக்கேள்விகளுக்கு நின்று விடையளிக்கும் பழமையே நம் பிள்ளைகளின் கையில் நாம் கொடுத்துச் செல்லத் தகுந்தது. தாயகத்தைவிட்டு நெடுந்தொலைவில், பல மொழியினரோடு ஒரே குடியிருப்பில் வாழும் நமக்கு இது இன்னும் இன்றியமையாதது. பள்ளியில் உடன் பயிலும் பிற மொழிப் பிள்ளை ஐயம் எழுப்பும்பொழுது, நம் பிள்ளை சினந்து எழாமல் சான்றை எடுத்துக்காட்டி நிற்க வேண்டும். சான்று குறைவாயின் குறைவென்று ஒப்பும் துணிவும் வேண்டும். சான்றால் நிற்பதே பெருமை. குரலால் நிற்பது நெடுநாள் நில்லாது.

அடுத்த முறை கடற்கரைக்குச் செல்லும்பொழுது ஒரு கிளிஞ்சலைக் கையிலெடுத்துப் பாருங்கள். அதற்குள் இடவகை ஒன்று, சற்றும் ஓசையின்றி, வலவகையாகத் திரும்பிக்கொண்டிருக்கும்.